ஈபான் ஓஎல்டியை எடுத்துவிட்டு எக்ஸ்ஜிஎஸ்-பான் போடலாமா? ஒரே ஒரு காலனியில் மட்டும் தொந்தரவு

உசிலை கேபிள்:

வணக்கம். உசிலம்பட்டி பக்கம் கேபிள் டிவி நடத்துகிறேன். அப்பா காலத்தில் எல்லாம் கோஆக்சியல் வயர். 2014-இல் ஃபைபர் இழுத்தோம், அப்போது டிவிக்காக மட்டும். 2019-இல் அதே ஃபைபரில் இன்டர்நெட்டும் கொடுக்க ஆரம்பித்தேன். இன்றைக்கு 210 வீடு ஓடுகிறது.

கன்ட்ரோல் ரூமில் 4 போர்ட் ஈபான் ஓஎல்டி இருக்கிறது (ஓஎல்டி என்பது ஒரே ஃபைபரைப் பிரித்துப் பல வீட்டுக்கு இன்டர்நெட் கொடுக்கும் 'பான்' முறையின் தலைமைப் பெட்டி; ஈபான், ஜிபான், எக்ஸ்ஜிஎஸ்-பான் எல்லாம் அந்த முறையின் வகைகள்). அந்த வெளிச்சமும் 1550 நானோமீட்டர் டிவி வெளிச்சமும் பான் இடிஎஃப்ஏ-வில் (டிவி வெளிச்சத்தைப் பெருக்கி இரண்டையும் சேர்க்கும் பெட்டி) சேர்ந்து ஒரே கோரில், அதாவது ஒரே இழையில், வெளியே போகிறது. மேலிருந்து எனக்கு வரும் லைன் 1 ஜிகாபிட்.

சிக்கல் ஒரே இடத்தில்தான். ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு காலனி, 28 வீடு. ஆறேழு மாதமாகச் சாயங்காலம் ஆனால் போன் மேல் போன். அங்கே ஒரு பெண் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறார். மீட்டிங்கில் மற்றவர்கள் முகம் அவருக்கு நன்றாகத் தெரிகிறது. ஆனால் அவர் முகம் அந்தப் பக்கம் உறைந்து நிற்கிறதாம், பேச்சும் விட்டு விட்டுக் கேட்கிறதாம். "அண்ணே, இந்த மாசமும் இப்படியே இருந்தா என்னை வேலைய விட்டு நிறுத்திருவாங்க" என்று போன வாரம் கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

ஓஎல்டி விற்கும் ஒருவரிடம் கேட்டேன். ஈபான் பழசு, 64 வீட்டுக்கும் சேர்த்து 1 ஜிகாபிட்தான், எக்ஸ்ஜிஎஸ்-பான் போட்டால் போர்ட்டுக்கு 10 ஜிகாபிட், எல்லாம் சரியாகிவிடும் என்றார். விலையைக் கேட்டால், வீட்டு நகையை அடகு வைத்தால்தான் முடியும். வைக்கவும் தயார். வைத்த பிறகும் இதே புகார் வந்தால் என்ன செய்வது என்பதுதான் பயம்.

அந்தப் போர்ட்டில் மொத்தம் 58 வீடு. காலனி வீடுகளில் பவர் மீட்டர் வைத்துப் பார்த்தேன். மைனஸ் 10, மைனஸ் 11 டிபிஎம் காட்டுகிறது (மைனஸ் எண் கூடக் கூட வெளிச்சம் குறைவு). டிவி பளிச்சென்று வருகிறது. அதனால் லைனில் குறையில்லை, பெட்டியில்தான் குறை என்று நினைக்கிறேன். ஈபானிலேயே இருக்கலாமா, ஜிபானுக்குப் போகலாமா, இல்லை ஒரே தாவலாக எக்ஸ்ஜிஎஸ்-பானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈசூன் வாசி:

நான் தொழில்காரன் இல்லை, சிங்கப்பூரில் வாடிக்கையாளன். இங்கே 2024-இல் அரசின் தகவல்தொடர்பு ஆணையமான ஐஎம்டிஏ, நாட்டு ஃபைபர் வலையை 10 ஜிகாபிட்டுக்கு உயர்த்த 10 கோடி வெள்ளி வரை ஒதுக்குவதாக அறிவித்தது. நானும் 10 ஜிகாபிட் எக்ஸ்ஜிஎஸ்-பான் லைன் எடுத்தேன். வீட்டுச் சுவருக்குள் பதித்திருப்பது பழைய கேட்-5இ கேபிள், மடிக்கணினியில் இருப்பது 2.5 ஜிகாபிட் போர்ட். பெரிய கோப்பு இறக்கும்போது வித்தியாசம் தெரிகிறது. ஊரில் அம்மாவோடு வீடியோவில் பேசும்போது ஒரு வித்தியாசமும் இல்லை. ஒரு வீடியோ அழைப்புக்கு மூன்று, நான்கு மெகாபிட் போதும். அந்தப் பெண்ணின் முகம் உறைவதற்குக் காரணம் வேகக் குறைவாக இருக்காது என்று தோன்றுகிறது.

கண்ணாடி இழை:

தம்பி, நகை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். இன்னும் சில எண்கள் தெரியாமல் எதையும் வாங்க வேண்டாம்.

நான் கோயம்புத்தூர். 2007-இலிருந்து ஓஎல்டி கமிஷனிங் வேலைதான். முதலில் உங்கள் மைனஸ் 10-ஐப் பார்ப்போம். அது இன்டர்நெட் வெளிச்சம் இல்லை. உங்கள் ஃபைபரில் கீழே வரும் வெளிச்சம் இரண்டு: இன்டர்நெட் 1490 நானோமீட்டர், டிவி 1550. சாதாரணப் பவர் மீட்டருக்குள் இருக்கும் டிடெக்டருக்கு இரண்டும் ஒன்றுதான், சேர்த்தே அளக்கும். பொத்தானை அழுத்தி 1490 என்று மாற்றினாலும் அது 1490-ஐத் தனியாகப் பிரிக்காது. எந்த அலைநீளத்தின் கணக்கில் எண்ணைக் காட்ட வேண்டும் என்பதைத்தான் அந்தப் பொத்தான் மாற்றும். இடிஎஃப்ஏ போர்ட்டிலிருந்து ப்ளஸ் 17, 18 கிளம்பும். ஓஎல்டி எஸ்எஃப்பியிலிருந்து (போர்ட்டில் செருகும் லேசர் துண்டு) ப்ளஸ் 4, 5 தான் கிளம்பும். ஒரே பாதையில் போவதால் அந்த 13 டிபி வித்தியாசம் கடைசி வீடு வரைக்கும் கூடவே வரும். 13 டிபி என்றால் 20 மடங்கு. மீட்டரில் தெரிவது முழுக்க டிவி வெளிச்சம். அதன்படி உங்கள் இன்டர்நெட் வெளிச்சம் மைனஸ் 23, 24 பக்கம் இருக்க வேண்டும். பிரித்து அளக்க ஃபில்டர் வைத்த பான் பவர் மீட்டர் என்று தனியாக உண்டு. அது இல்லாவிட்டால் ஓஎல்டியின் மேலாண்மைப் பக்கத்திலேயே ஓஎன்யூ (வீட்டில் இருக்கும் ஃபைபர் பெட்டி) எவ்வளவு வாங்குகிறது என்று காட்டும், அதை நம்பலாம். 2011-இல் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இதே இடத்தில் நான் மூன்று நாள் நின்றிருக்கிறேன். அதனால்தான் பார்த்தவுடன் தெரிந்தது.

இரண்டாவது, அந்தப் பெண் சொன்னது. நீங்கள் எழுதியதிலேயே முக்கியமான வரி அதுதான். மற்றவர்கள் முகம் இவருக்குத் தெரிகிறது, இவர் முகம் அங்கே போய்ச் சேரவில்லை. கீழே வருவது நன்றாக வருகிறது, மேலே போவதுதான் வழியில் தொலைகிறது. மேலே போகும் வெளிச்சம் வேறு அலைநீளம், 1310. அதை உங்கள் மீட்டர் பார்க்கவே இல்லை.

அதனால் இவற்றை எழுதி அனுப்புங்கள். காலனியில் ஒரு வீட்டு ஓஎன்யூவின் வாங்கும் பவர், அனுப்பும் பவர், அதே ஓஎன்யூவை ஓஎல்டி என்ன பவரில் வாங்குகிறது. அதே போர்ட்டில் நன்றாக ஓடும் வேறு தெருவில் ஒரு வீட்டுக்கும் இதே மூன்று. இரவு 9 மணிக்கு அந்தப் போர்ட்டில் எவ்வளவு டிராஃபிக் ஓடுகிறது. கன்ட்ரோல் ரூமிலிருந்து காலனி வரை எத்தனை கப்ளர் (வெளிச்சத்தை ஏற்றத்தாழ்வாக இரண்டு காலாகப் பிரிப்பது), எத்தனை ஸ்ப்ளிட்டர் (சமமாகப் பல காலாகப் பிரிப்பது), ஒவ்வொன்றின் மேலும் என்ன அச்சடித்திருக்கிறது.

உசிலை கேபிள்:

அக்கா, நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. வீட்டு ஓஎன்யூ வாங்குவது மைனஸ் 24.6. ஓஎல்டி எஸ்எஃப்பி அனுப்புவது ப்ளஸ் 5.1. ஓஎன்யூ அனுப்புவது ப்ளஸ் 2.1, அதை ஓஎல்டி வாங்குவது மைனஸ் 31.2. எஸ்எஃப்பி தாளில் மைனஸ் 30 வரைதான் தாங்கும் என்று போட்டிருக்கிறது.

நன்றாக ஓடும் தெருவில் ஓஎன்யூ வாங்குவது மைனஸ் 19.8, அனுப்புவது ப்ளஸ் 2.3, ஓஎல்டி வாங்குவது மைனஸ் 23.1.

9 மணிக்கு அந்தப் போர்ட்டில் கீழே வருவது 190 மெகாபிட், அதற்கு மேல் போகவில்லை. நாலு போர்ட்டும் சேர்ந்து 640.

பாதை இதுதான். 3.2 கி.மீ. தள்ளி முதல் கப்ளர், 90:10. அதன் 90 பக்கம் இன்னும் 2 கி.மீ. போய் இரண்டாவது கப்ளர், 80:20. அதில் 80 அடுத்த தெருவுக்கு, 20 காலனிக்கு. 2014-இல் காலனியில் ஆறு வீடுதான் இருந்தது, அதனால் 20 போதும் என்று போட்டோம். வீடு கூடக் கூட ஒரு 1:4, அதற்குக் கீழே நாலு 1:8 வைத்துவிட்டேன். ஸ்ப்ளிட்டர் எல்லாம் பிஎல்சி (சிப் வகை), புதுசு. ஏணி வைத்து ஏறி, ஜாயின்ட் இருக்கும் க்ளோஷர் பெட்டியைத் திறந்து பார்த்தேன். 80:20 கப்ளரின் ஸ்டிக்கரில் 1550 என்று மட்டும்தான் இருக்கிறது.

கண்ணாடி இழை:

அந்த ஸ்டிக்கர்தான் விடை. கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

கீழே வரும் பாதையில், 5.1-இல் கிளம்பி மைனஸ் 24.6-இல் சேர்கிறது. இழப்பு 29.7 டிபி. மேலே போகும் பாதையில், 2.1-இல் கிளம்பி மைனஸ் 31.2. இழப்பு 33.3. ஒரே கண்ணாடி, ஒரே ஜாயின்ட், ஒரே ஸ்ப்ளிட்டர். 1310 கண்ணாடியில் கிலோமீட்டருக்கு 0.35 டிபி தேயும், 1490 ஏறக்குறைய 0.25. ஐந்தரை கிலோமீட்டருக்கு இரண்டுக்கும் நடுவில் அரை டிபி வித்தியாசம் வரலாம். உங்களுக்கு 3.6 வருகிறது. ஓஎல்டி காட்டும் வாங்கும் பவரில் ஒன்றிரண்டு டிபி முன்பின் இருக்கும் என்பதால்தான் அடுத்த தெருவையும் கேட்டேன். அங்கே கீழே 24.9, மேலே 25.4, வித்தியாசம் சரியாக அரை. அதே ஓஎல்டி, அதே எஸ்எஃப்பி. ஆக, காலனிப் பக்கம் மட்டும் 1310 வெளிச்சத்தை எதுவோ கூடுதலாக 3 டிபி தின்கிறது. பாதி வெளிச்சம் போய்விட்டது.

80:20 கப்ளர் எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? இரண்டு ஃபைபரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சூடேற்றி, இழுத்து, ஒட்டவைப்பார்கள். மெலிந்த இடத்தில் ஒரு கோரின் வெளிச்சம் மற்றதில் கசியும். எவ்வளவு கசிய வேண்டுமோ அந்த அளவு வந்ததும் இழுப்பதை நிறுத்துவார்கள். இழுக்கும்போது எந்த அலைநீளத்தை வைத்துப் பார்த்தார்களோ அதற்குத்தான் 80:20. நீண்ட அலை கோருக்கு வெளியே அகலமாகப் பரவி ஓடும், அதனால் அதிகம் கசியும். குட்டை அலை கோருக்குள்ளேயே ஒடுங்கி ஓடும், குறைவாகக் கசியும். 1550-க்கு 20 பங்கு கொடுக்கும் அந்தக் கால், 1490-க்குக் கொஞ்சம் குறைவாகக் கொடுக்கும், 1310-க்கு 8, 9 பங்குதான் கொடுக்கும். திரும்பிப் போகும்போதும் அதே வாசல், அதே அளவு. டிவிக்கு என்று 2014-இல் வாங்கிய சாமான் டிவிக்கு இன்றும் சரியாகத்தான் வேலை செய்கிறது. 1310 அதன் வழியாகப் போகும் என்று அன்றைக்கு யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

மேலே போகும் பக்கம் ஏன் இவ்வளவு நொய்மை என்றால், கீழே ஓஎல்டி ஒன்றே பேசுகிறது, எல்லா வீடும் கேட்டு அவரவர் பங்கை எடுத்துக்கொள்கிறது. மேலே 58 வீடு ஒரே ஃபைபரில் முறை வைத்துப் பேச வேண்டும். வெளிச்சம் கண்ணாடிக்குள் ஒரு கிலோமீட்டர் போக 5 மைக்ரோ செகண்ட் ஆகும். யார் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று ஓஎல்டி முன்பே அளந்து வைத்துக்கொண்டு, ஒருவர் சத்தம் இன்னொருவர் மேல் விழாதபடி நேரம் பிரித்துக் கொடுக்கிறது. மைனஸ் 18-இல் பக்கத்து வீட்டு வெளிச்சம் வந்து முடிந்த கண நேரத்தில் காலனி வீட்டின் மைனஸ் 31 வரும். 13 டிபி வித்தியாசம், 20 மடங்கு. பெரிய சத்தம் கேட்ட காதோடு உடனே முணுமுணுப்பைப் பிடிக்க வேண்டும். எஸ்எஃப்பியின் எல்லையே மைனஸ் 30 என்கிறபோது அதில் பிழை வராமல் இருக்காது. அந்தப் பிழை பகலிலும் வரும். ஆள் வீட்டில் உட்கார்ந்து பேசுவது சாயங்காலம் என்பதால் புகார் சாயங்காலம் வருகிறது. நாளை பகல் 12 மணிக்கு எரர் கவுன்ட்டரைப் பாருங்கள், ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

இப்போது எக்ஸ்ஜிஎஸ்-பானுக்கு வருகிறேன். உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூ 2016-இல் ஜி.9807.1 என்று போட்ட தரம். இரு பக்கமும் 10 ஜிகாபிட். நல்ல தரம், நானே பல இடங்களில் போட்டிருக்கிறேன். ஆனால் அதில் கீழே வருவது 1577, மேலே போவது 1270. 1310-ஐ விட இன்னும் குட்டை அலை. அந்தக் கப்ளர் 1270-ஐ 1310-ஐ விடவும் அதிகமாக மறிக்கும். எக்ஸ்ஜிஎஸ்-பானில் எல்லோரும் போடும் என்1 வகுப்பு தாங்கும் மொத்த இழப்பு 29 டிபி, என்2 போட்டாலும் 31. உங்கள் காலனிக்கு இன்றைக்கே மேலே 33.3. நகையை வைத்து அந்தப் பெட்டியை வாங்கி மாட்டியிருந்தால், இன்று விட்டு விட்டுப் பேசும் 28 வீடும் அன்று இணைப்பே கிடைக்காமல் நின்றிருக்கும். உங்களிடம் விற்க வந்தவர் போர்ட் வேகத்தைச் சொன்னார், இழப்பு எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வருகிறது. சின்ன ஊர் ஆபரேட்டர்களிடம் வேகத்தை மட்டுமே சொல்லிப் பெட்டி விற்பதை வருஷக்கணக்காகப் பார்க்கிறேன்.

நெரிசலும் இல்லை. ஈபான் போர்ட்டில் 900 மெகாபிட்டுக்குப் பக்கத்தில் ஓடும். உங்களுக்கு உச்சத்தில் 190. ஐந்தில் ஒரு பங்கு. 

என்ன செய்யலாம்? அந்த மெயின் கேபிள் எத்தனை கோர்? சும்மா கிடக்கும் கோர் இருந்தால் ஒன்றை நேராகக் காலனிக்குக் கொடுங்கள். நடுவில் கப்ளரே வேண்டாம். காலனியில் ஒரே ஒரு 1:32 பிஎல்சி. கண்ணாடி 1.4, இடிஎஃப்ஏ உள்ளே 0.7, ஸ்ப்ளிட்டர் 17.2, ஜாயின்ட் கனெக்டர் எல்லாம் ஒன்றரை. 21 டிபிக்குள் முடியும். செலவு ஒரு ஸ்ப்ளிட்டரும் ஒரு நாள் ஸ்ப்ளைசிங் (ஃபைபர் ஒட்டும் வேலை) கூலியும்.

ஸ்ப்ளைசிங் தேனி:

அண்ணே, அக்கா சொன்ன வேலையை நான் வாரத்துக்கு ரெண்டு இடத்தில் செய்கிறேன். க்ளோஷரில் கை வைப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

இடிஎஃப்ஏ போர்ட்டை அணைக்காமல் எந்த ஃபைபரையும் வெட்டாதீர்கள். ப்ளஸ் 18 டிபிஎம் என்றால் 63 மில்லிவாட். கண்ணுக்குத் தெரியாது, வலிக்காது, ஆனால் கண்ணைக் கெடுத்துவிடும். வெட்டின நுனியை வெளிச்சம் வருகிறதா என்று கண் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்கும் பழக்கம் நம்ம பசங்களிடம் இருக்கிறது. கூட வருகிற பையனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பச்சைக் கனெக்டரோடு நீலக் கனெக்டரைச் சேர்க்காதீர்கள். பச்சை 8 டிகிரி சாய்த்துத் தேய்த்தது, நீலம் நேராகத் தேய்த்தது. ரெண்டும் முட்டினால் நடுவில் இடைவெளி நிற்கும், டிவி படமும் கெடும், இன்டர்நெட்டும் கெடும். உங்கள் ஓஎல்டி எஸ்எஃப்பி நீலம், இடிஎஃப்ஏ பெரும்பாலும் பச்சை. நடுவில் போடும் பேட்ச் கார்டு ஒரு பக்கம் நீலம் ஒரு பக்கம் பச்சையாக இருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு விஷயம். பவர் எல்லாம் சரியாக்கின பிறகும் போர்ட் முழுக்க ஆட்டம் கண்டால், ஏதோ ஒரு ஓஎன்யூ முறை தவறி எந்நேரமும் லேசரைப் போட்டு வைத்திருக்கலாம். ஒரு ஊரில் இடி இறங்கின மறுநாள் ராத்திரி 40 வீடு ஒன்றாக விழுந்தது. ஓஎல்டியை மாற்றினார்கள், எஸ்எஃப்பியை மாற்றினார்கள், சரியாகவில்லை. கடைசியில் நான் கம்பத்தில் ஏறி ஸ்ப்ளிட்டர் காலை ஒன்றொன்றாகக் கழற்றினேன். கீழே ஒருத்தர் போனில் ஓஎல்டி பக்கத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். பதினோராவது காலைக் கழற்றினதும் மீதி வீடு எல்லாம் தானாக மேலே வந்தது. அந்த வீட்டுப் பெட்டியைக் கையில் எடுத்தால் சூடாக இருந்தது.

உசிலை கேபிள்:

தம்பி, கண் விஷயம் எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நன்றி.

அக்கா, மெயின் கேபிள் 12 கோர். நாலுதான் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை வேலையை வைத்திருக்கிறேன். ஓஎல்டியில் நாலாவது போர்ட்டில் 20 வீடுதான், அதை மூன்றாவதில் சேர்த்துவிட்டு நாலாவதைக் காலனிக்குக் கொடுக்கிறேன்.

ஆனால் என் கேள்வி பாக்கி இருக்கிறது. இன்னும் ரெண்டு வருஷத்தில் இந்த ஓஎல்டி எப்படியும் போதாது. அப்போது எதை வாங்குவது? 210-இல் 150 ஓஎன்யூ எக்ஸ்பான் வகை, ஈபான் ஜிபான் ரெண்டிலும் ஓடும் என்று போட்டிருக்கிறது.

கண்ணாடி இழை:

இதைத்தான் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். 150 பெட்டி எக்ஸ்பான் என்றால் அடுத்த ஓஎல்டி ஜிபான்.

ஈபான் மட்டம் என்று இல்லை. 2004-இல் பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ-யின் 802.3ஏஎச் தரமாக வந்தது. ஈதர்நெட்டை அப்படியே ஃபைபரில் ஓட விடுகிற எளிமையான வேலை, ஜப்பானில் வீட்டு ஃபைபர் பரவியது அதை வைத்துத்தான். ஜிபான் ஐடியூவின் ஜி.984, 2003-இல் தொடங்கியது. கீழே 2.488 ஜிகாபிட், மேலே 1.244. அரசு ஆய்வு நிறுவனமான சி-டாட் வடிவமைத்த ஜிபான் கருவிகள், அரசின் கிராம இன்டர்நெட் திட்டமான பாரத்நெட்டில் கிராம ஊராட்சிகளுக்குப் போயின. வேகம் இரண்டு மடங்குக்கு மேல் என்பது ஒரு பக்கம். உங்களுக்கு அதைவிட முக்கியம் இழப்பு: சி ப்ளஸ் வகுப்பு எஸ்எஃப்பி போட்டால் 32 டிபி வரை தாங்கும்.

அதையும் தாண்டி ஒரு காரணம் இருக்கிறது. பின்னாளில் உங்கள் ஊரில் ஒரு மருத்துவமனையோ பள்ளியோ பெரிய லைன் கேட்கும். அன்று அதே ஃபைபரில் எக்ஸ்ஜிஎஸ்-பானையும் சேர்த்து ஓட்ட வேண்டியிருக்கும். ஜிபான் கீழே 1490, மேலே 1310. எக்ஸ்ஜிஎஸ்-பான் 1577, 1270. நாலும் ஒன்றையொன்று இடிக்காது, ஒரே கண்ணாடியில் பழைய வீடு ஜிபானிலும் புது வீடு எக்ஸ்ஜிஎஸ்-பானிலும் ஓடும். இரண்டும் ஒரே எஸ்எஃப்பியில் வரும் காம்போ போர்ட்டும் கிடைக்கிறது. ஈபானோடு அப்படிச் சேர்க்க முடியாது. ஈபான் ஓஎன்யூ லேசருக்கு 1260-இலிருந்து 1360 வரை எங்கே வேண்டுமானாலும் நிற்க இடம் கொடுத்திருக்கிறார்கள், அதாவது 1270-இன் மேலேயே வந்து விழலாம். 10 ஜிகாபிட் ஈபானில் மேலே போகும் நேரத்தை இரு வகையும் பங்கு போட்டுக்கொள்ளும்படி செய்து அதைச் சமாளித்தார்கள். எக்ஸ்ஜிஎஸ்-பானுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. ஜிபானும் ஈபானும் ஒரே கோரில் சேராது என்பதையும் நினைவில் வையுங்கள், இரண்டுக்கும் அதே 1490, அதே 1310. போர்ட் போர்ட்டாக ஒரே நாளில் மாற்ற வேண்டும். ஈபான் மட்டும் தெரிந்த அந்த 60 பெட்டியை இப்போதிருந்தே கெட்டுப்போகும்போதெல்லாம் எக்ஸ்பானாக மாற்றிக்கொண்டு வாருங்கள்.

50 ஜிகாபிட் பான் கூட 2021-இல் தரமாக வந்துவிட்டது, ஜி.9804. அதில் கீழே வருவது 1342. கவனியுங்கள், தரத்துக்குத் தரம் புது அலைநீளம் ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. பிஎல்சி ஸ்ப்ளிட்டர் 1260-இலிருந்து 1650 வரை எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் வழிவிடும். அதனால் இனி கடையில் கப்ளரோ ஸ்ப்ளிட்டரோ எடுத்தால் அந்த இரண்டு எண்ணும் ஸ்டிக்கரில் இருக்கிறதா என்று பாருங்கள். 1310/1490/1550 என்று மூன்று எண் போட்ட கப்ளரும் வரும், இன்றைக்கு ஓடும், 1270-க்கும் 1577-க்கும் உத்தரவாதம் இல்லை. 

கழற்றிய 80:20-ஐத் தூக்கிப் போடாதீர்கள். தேனித் தம்பியிடம் 1310, 1550 இரண்டும் தரும் லைட் சோர்ஸ் இருந்தால் 20 பங்கு தரும் அந்தக் காலை அளந்து இங்கே போடுங்கள்.

உசிலை கேபிள்:

ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்தது. காலை 6 மணிக்கு இடிஎஃப்ஏ போர்ட்டை அணைத்துவிட்டு ஆரம்பித்தோம். எட்டாவது கோர், கறுப்பு, அதை நேராகக் காலனிக்கு எடுத்தோம். முதல் க்ளோஷருக்குள் மழைத்தண்ணீர் இருந்தது, ட்ரே எல்லாம் துடைத்துக் காயவைத்து மூடுவதற்கே ஒரு மணி நேரம் ஆனது. மதியம் 2 மணிக்கு 28 வீடும் மேலே வந்துவிட்டது.

அதே வீட்டில் இப்போது ஓஎன்யூ வாங்குவது மைனஸ் 16.1, ஓஎல்டி வாங்குவது மைனஸ் 19.6. நாலு நாளாக எரர் கவுன்ட்டர் பூஜ்யத்தில் நிற்கிறது. அந்தப் பெண் நேற்று போன் செய்து, ரெண்டு மணி நேர மீட்டிங் ஒரு தடவை கூட நிற்கவில்லை என்றார்.

தேனித் தம்பி சோர்ஸ் கொண்டுவந்திருந்தார். கழற்றிய கப்ளரின் 20 காலில் 1550-க்கு 7.3 டிபி, 1310-க்கு 10.6. ஸ்பேர் பெட்டியைத் துழாவினால் 2014-இல் வாங்கின அதே ஸ்டிக்கர் கப்ளர் இன்னும் ரெண்டு கிடந்தது. லைனில் வேறெங்கே போட்டிருக்கிறேன் என்று நோட்டைப் பார்த்தேன், மூன்று க்ளோஷரில் இருக்கிறது. அதில் ஒன்று அரசுப் பள்ளிக்குப் போகும் கால். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் முதலில் பிரிக்கிறோம்.